ஒட்டுப்போட்ட ஸ்பீக்கர்

இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பிரான்ஸில் டொக்டர்கள் கைவிரித்த கிழமை, அண்ணை என்னிடம் கேட்டது ஒரு விளையாட்டை.

"கிடங்கு விளையாட்டு இப்பவும் ஓடுமோடி?"

போனில் அவருடைய குரல் ஏற்கெனவே பாதியாகியிருந்தது. நுரையீரலில் தொடங்கியது எங்கெங்கோ பரவிவிட்டது. ஊருக்கு வரவேண்டும் என்று பதினெட்டு வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். முதலில் விசா இல்லை, பிறகு லீவு இல்லை, இப்போது உடம்பு இல்லை.

"ஏன் ஓடாது? நான் என்னத்துக்குப் படிச்சனான்?" என்றேன்.

"எங்கடை வீட்டிலை கேட்ட மாதிரி ஒருக்காக் கேக்கவேணும். நீ பாயிற பட்டனை அமத்து. நான் இஞ்சையிருந்து சொல்லுறன்."

அந்த விளையாட்டின் உண்மையான பெயர் எங்கள் இருவருக்கும் தெரியாது. தொப்பி போட்ட ஒரு சின்ன மனிதன் நிலத்துக்குக் கீழே கிடங்கு கிடங்காக, பள்ளம் பள்ளமாக ஓடிப் பூட்டுகளின் திறப்புகளைப் பொறுக்குவான். கீழே தண்ணீர். விழுந்தால் முடிந்தது. நாங்கள் அதைக் கிடங்கு விளையாட்டு என்றோம். ஒரு கீபோர்ட்டில் இரண்டு பேர் விளையாடினோம். இடம், வலம் அண்ணையுடையது. பாய்வது என்னுடையது. எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும், அவருக்கு என்னைவிடப் பத்து வயது கூட.

சமாதானக் காலத்தில் யாழ்ப்பாண நகரில் ஒரு வெளிநாட்டு அலுவலகத்தில் பழைய சாமான் ஏற்றி இறக்க ஆள் கூப்பிட்டார்கள். கடல் தொழில் இல்லாத நாட்களில் அண்ணை போனார். எறிய வைத்திருந்த ஒரு கொம்பியூட்டரைக் கேட்டு வாங்கினார். பருத்தித்துறை பஸ்ஸில் மொனிற்றரை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பெட்டியை மறுநாள் போய் எடுத்து வந்தார். எங்கள் வீட்டில் அப்பா கைநாட்டு. அம்மாவுக்குத் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். அண்ணை எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். கொம்பியூட்டரைப் பார்த்து அயலில் சிரித்தார்கள். "மீன் கணக்குப் பாக்கவோ?" என்று கேட்டார்கள். "தங்கச்சி படிக்க" என்றார் அண்ணை. நான் படித்தேன். பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான், எங்கள் ஒழுங்கை வீடுகளிலும் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. யாராவது கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன்.

கொம்பியூட்டரோடு ஸ்பீக்கர் வரவில்லை. அண்ணை பழுதான ரேடியோவைக் கழற்றி அதன் ஸ்பீக்கரை எடுத்தார். அதன் கடதாசிக் கூம்பை எலி கடித்திருந்தது. சைக்கிள் ரியூப் ஒட்டுகிற சொலூசனைத் தடவி, சிகரட் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய தாளால் ஒட்டுப் போட்டார். பாட்டு வந்தது. தாழ்ந்த சுரம் வரும்போதெல்லாம் ஒட்டு அதிர்ந்து, உள்ளுக்குள் ஒரு வண்டும் பறந்தது. சண்டை திரும்பத் தொடங்கிய அடுத்த வருடம் அண்ணை வெளிநாடு போய்விட்டார். கொம்பியூட்டரை வெகுகாலம் யாரும் தொடவில்லை. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும்போது அதன் ஹார்ட் டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் நான் பிரதி எடுத்து வைத்தேன். படித்ததைச் செய்து பார்க்கிற ஆசையில் செய்த வேலை அது.

அதனால் அண்ணை கேட்டபோது இது எனக்கு ஒரு மத்தியான வேலை என்றே நினைத்தேன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நான் இருக்கும் அறையில் மடிக்கணினியைத் திறந்தேன். எமுலேற்றர் என்பது புதிய கணினிக்குள் ஒரு பழைய கணினியாக நடிக்கும் மென்பொருள். அதற்குள் கிடங்கு விளையாட்டைப் போட்டேன். உடனே ஓடியது. தொப்பிக்காரன் அதே இடத்தில் நின்றான். அதை வீடியோவாக எடுத்து அனுப்பினேன்.

அண்ணை சிரித்துச் சிரித்து இருமினார்.

"உவன் ஏன் கட்டையாகிக் கொழுத்துப் போனான்? உவனும் பிரான்சுக்கு வந்தவனோ?"

பார்த்தேன், உண்மைதான். அந்தக் காலத்து மொனிற்றர் படத்தை உயரவாக்கில் கொஞ்சம் இழுத்துக் காட்டும். புதிய திரை இழுக்காது, அதனால் ஆள் குள்ளமாகிவிட்டான். அதைத் திருத்தினேன். படம் கூர்மையாகக் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்றார். பழைய கண்ணாடித் திரையைப் போல மங்கலாக்கும் ஒரு வசதியும் இருந்தது. மெல்லிய கறுப்புக் கோடுகளைப் போட்டு விளிம்புகளைக் கரைத்தேன். "ஓம், ஓம், முகம் சரி" என்றார்.

"சத்தம்?"

வீடியோவை இன்னொரு தரம் போட்டுக் கேட்டார்.

"கழுவித் துடைச்ச மாதிரிக் கிடக்கு."

எனக்குச் சுருக்கென்றது. அந்த வகை விளையாட்டுகளில் பாட்டைப் பதிவு செய்து வைத்திருக்க மாட்டார்கள். எந்தச் சுரம், எவ்வளவு நேரம் என்ற கட்டளைகள் மட்டுமே இருக்கும். சவுண்ட் கார்ட்டில் உள்ள சிப் அவற்றைப் படித்து அந்த நேரத்திலேயே ஒலியாக்கும். அந்தச் சிப் செய்கிற கணக்கையெல்லாம் எமுலேற்றர் அச்சொட்டாகச் செய்கிறது. இதை அண்ணைக்கு விளக்கினேன்.

"இதுதான் அண்ணை சரியான சத்தம். உதைச் செய்தவன் கேட்ட சத்தமே இதுதான்."

"செய்தவன் கேட்டதை ஆரடி கேட்டது? நாங்கள் கேட்டதைப் போடு."

பிறகு அவரே இரங்கினார். "சரி விடு, பிள்ளை. உதுவும் நல்லாத்தான் கிடக்கு."

விடுகிற ஆள் நானில்லை என்பது அவருக்குத் தெரியும். "எங்கடை கொம்பியூட்டரிலையே போட்டுக் காட்டுறன், இருங்கோ" என்றேன். 'இருங்கோ' என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். அம்மாவின் கட்டிலுக்குக் கீழே உரப்பையால் மூடி வைத்திருந்த பெட்டியை இழுத்து எடுத்துத் திறந்தேன். எங்கள் வீட்டிலிருந்து கடல் ஒரு கூப்பிடு தூரம். ஆணி எல்லாம் துருவாக இருந்தது. தாய்ப்பலகையில் இருந்த சின்னப் பற்றறி கக்கி, பச்சையாக ஊறிப் பாதி இணைப்புகளைத் தின்றிருந்தது.

அம்மா எட்டிப் பார்த்தார். "பாசி பிடிச்சிட்டுதோ?"

"பாசி இல்லையம்மா. பற்றறி கக்கினது."

"அப்ப கழுவிப்போட்டு வெயிலிலை வை."

வினாகிரி விட்டுக் கழுவித்தான் பார்த்தேன், வெயிலிலும் வைத்தேன். அது எழும்பவில்லை. சவுண்ட் கார்ட் மட்டும் தப்பியிருந்தது. அதன் செப்புப் பற்களை அழிறப்பரால் தேய்த்தேன், மின்னியது. ஆனால் அதைச் செருகுவதற்கான நீளப் பொருத்தி இப்போது வருகிற எந்தக் கணினியிலும் இல்லை. அதே காலத்து இன்னொரு பெட்டி வேண்டும்.

அலுவலகத்தில் விசாரித்தேன். அச்சுவேலியில் மிக்சர் பைகளுக்கு லேபல் அடிக்கும் ஒரு சின்ன வேலைத்தலம் இருக்கிறது, அங்கே பழைய கொம்பியூட்டர் ஒன்று நெடுங்காலம் ஓடியது என்று கூட வேலை செய்பவர் சொன்னார். லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். முதலாளி வயதானவர். பின்சுவரோடு கிடந்த பெட்டியைக் காலால் காட்டினார்.

"உதையோ? உதுக்குள்ளை பல்லி முட்டை இட்டிருக்குது, பிள்ளை."

"முட்டையை நான் பாத்துக்கொள்ளுறன், ஐயா."

"உதிலை இன்ரநெற் வராது, சொல்லிப்போட்டன்."

"எனக்கு இன்ரநெற் வேண்டாம்."

அவர் லேபல் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் பக்கம் திரும்பினார். "கேட்டியளோ? இன்ரநெற் வராத கொம்பியூட்டர் தேடி ஒரு கேம்பஸ் பிள்ளை வந்திருக்குது." எல்லோரும் சிரித்தார்கள். ஏன் என்று கேட்டார். அண்ணைக்கு என்றேன். என்ன நோய் என்றும் சொன்னேன். சிரிப்பு நின்றது. மொனிற்றரையும் சேர்த்துத் தன் ஓட்டோவில் ஏற்றி எங்கள் வீடுவரை அனுப்பினார். "நாங்கள் எறியிறதுதானே" என்று சொல்லி ஒன்றும் வாங்க மறுத்துவிட்டார்.

அதற்குள் அண்ணை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தார். சுகமாகி வரவில்லை. போன் எடுத்தால் பாதிநாள் மச்சாள்தான் கதைப்பார், அண்ணையின் மனைவி. "இப்பதான் கண்ணயர்ந்தவர், நீர் பிறகு எடும்" என்பார். அண்ணை கிடைத்தால், "அவசரமில்லை, ஆறுதலாச் செய்" என்பார். யாருக்கு அவசரமில்லை என்று கேட்க வாய் வராது.

ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து திருநெல்வேலிக்குப் போகாமல் நேரே பருத்தித்துறை பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்து அந்தப் பெட்டியோடு இருந்தேன். பல்லி முட்டைக் கோதுகளைத் தூரிகையால் தட்டினேன். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு மெமரி கார்ட்டைப் பொருத்தினேன். எங்கள் சவுண்ட் கார்ட்டைச் செருகினேன். ஒரு பின்னேரம் திரையில் வெள்ளை எழுத்து ஓடியது. தொப்பிக்காரன் வந்தான். புதிதாக வாங்கிய ஸ்பீக்கரில் பாட்டும் வந்தது.

கேட்டேன். மடிக்கணினியையும் திறந்து எமுலேற்றரிலும் அதே பாட்டைப் போட்டு, மாறி மாறிக் கேட்டேன். ஒரு வித்தியாசமும் இல்லை. கழுவித் துடைத்த அதே சத்தம்தான். எமுலேற்றர் பொய் சொல்லவில்லை. சிப்பும் பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஒலித்தது அந்த இரண்டுமில்லாத வேறொன்று.

அப்போதுதான் எனக்கு ரேடியோ ஸ்பீக்கரின் நினைவு வந்தது.

"அம்மா, அந்தப் பழைய ஸ்பீக்கர் எங்கை? கொம்பியூட்டருக்குப் போட்டது."

அம்மா தையல் பெட்டியைத் திறந்து எடுத்துத் தந்தார். அதன் காந்தத்தில் ஐந்தாறு ஊசிகள் ஒட்டியிருந்தன. நிலத்தில் விழுந்த ஊசியைத் தேட அம்மா அதை இத்தனை வருடமும் பாவித்திருக்கிறார். சொலூசன் காய்ந்து பழுப்பாகியிருந்தது, ஆனால் தாள் விடவில்லை. அண்ணையின் பெருவிரல் அடையாளம் அந்தப் பழுப்பில் அப்படியே பதிந்திருந்தது. அதைத் தொடாமல் வயரை இணைத்தேன்.

வண்டு பறந்தது.

அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்தார். "ஐயோ, உந்தச் சத்தம்!" என்றார். பிறகு அப்படியே நிலத்தில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார். அந்த நாட்களில், "உதை நிப்பாட்டுங்கோ, தலை இடிக்குது" என்று தினமும் எங்களை ஏசியவர் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அங்கே காலை, வீடியோ அழைப்பில் அண்ணையை எடுத்தேன். மூக்கில் குழாய் போட்டிருந்தார். கண் மட்டும் பழைய கண். சீனிப் போத்தலில் போனைச் சாய்த்து, திரையும் ஸ்பீக்கரும் தெரிய வைத்தேன். பழைய மொனிற்றரைப் போன் கமராவால் பார்த்தால் திரையில் பட்டை பட்டையாக ஒரு நிழல் ஓடும்.

"மொனிற்றர் கண்ணடிக்குது" என்றார் அண்ணை.

"உங்களைக் கண்டிட்டுத்தான்."

விளையாட்டைத் தொடங்கினேன். அதன் பிறகு நான் வாயே திறக்கவில்லை. பாட்டுக்குக் குறுக்கே என் குரல் போகக்கூடாது என்று நினைத்தேன். இடம், வலம் பட்டன்களிலும் நானே கை வைத்திருந்தேன்.

"வலம்... வலம்... நில். இப்ப பாய்!"

பாய்ந்தேன். அண்ணை அந்தப் பாட்டை முணுமுணுத்தார். ஸ்பீக்கரில் வந்த பாட்டுக்கும் அவருடைய முணுமுணுப்புக்கும் தாளம் சேரவில்லை. அவர் பின்னால் வந்தார், சில இடங்களில் முன்னாலும் போனார். இவ்வளவு தூரம் போய் வரும்போது நேரம் பிந்தும்தானே என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் கிடங்கில் தொப்பிக்காரன் தண்ணீரில் விழுந்தான். "நீ இன்னும் பிந்தித்தான் பாயிறாய், சனியன்" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது.

அம்மா போனுக்குக் கிட்ட வந்தார். "கேக்குதோ, தம்பி?"

"ஓம் அம்மா. வடிவாக் கேக்குது."

நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "சொல்லுங்கோ, அதேதானே?"

அண்ணை சிரித்தார். "அதேதான். வண்டும் பறக்குது."

"சொன்னன்தானே, செய்து காட்டுவன் எண்டு!"

"நீ ஆர்? எங்கடை எஞ்சினியர் அல்லோ."

அடுத்து வந்த வியாழக்கிழமை அண்ணை போய்விட்டார். அங்கேயே எரித்தார்கள். நாங்கள் போனில் பார்த்தோம். இன்ரநெற் தடைப்பட்டு, படம் இரண்டு தரம் நின்று நின்று போனது. வந்தவர்களிடமெல்லாம் அம்மா ஒன்றையே சொன்னார்: "என்ரை பிள்ளை தன்ரை ஆசையைக் கேட்டிட்டுத்தான் போனவன். உவள்தான் கேக்க வைச்சவள்." நானும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் அவருக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. இது ஒன்றையாவது அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன் என்று நினைத்தேன்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு அன்று காலை மச்சாள் போன் எடுத்தார். இங்கே என்னென்ன படைக்கிறோம் என்று கேட்டார். மீன்குழம்பு, நண்டுப் பொரியல், ஒடியல் பிட்டு என்று சொன்னேன். கதை எப்படியோ அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வந்தது.

"உவர் என்னத்தைக் கேட்டவர் எண்டு எனக்கு இன்னும் விளங்கேல்லை" என்றார் மச்சாள். "நான் பக்கத்திலைதான் இருந்தனான். ஒரு சத்தமும் வரேல்லை. படம் மட்டும் ஓடினது. நீரும் மாமியும் கதைச்சது மட்டும் கேட்டது."

"இல்லை மச்சாள், அவருக்குக் கேட்டது. வண்டு பறக்குது எண்டு சொன்னவர்."

மச்சாள் தயங்கினார். "நானும் அவரிட்டைக் கேட்டனான், எனக்குக் கேக்கேல்லை, உங்களுக்குக் கேட்டதோ எண்டு. 'விடு, அவள் பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டவள்' எண்டார். உமக்கு அவர் சொல்லியிருப்பார் எண்டெல்லோ நினைச்சன்."

நான் நம்பவில்லை. போனை வைத்துவிட்டு விளையாட்டைப் போட்டேன். என் போனிலிருந்து அம்மாவின் போனுக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன். என் போனைச் சீனிப் போத்தலில் பழையபடி சாய்த்து வைத்தேன். அம்மாவின் போனோடு வளவுக்குள் இறங்கி, கிணற்றடி தாண்டி வேலிவரை போய்க் காதில் வைத்தேன்.

முதல் அரை நொடி ஏதோ கொறுகொறுத்தது. பிறகு ஒன்றுமில்லை. போனில் கதைக்கும்போது பின்னாலிருந்து வருகிற இரைச்சலைப் போனே வெட்டிவிடும். மனிதக் குரலை மட்டும் விடும். காற்றாடிச் சத்தத்தையும் ஓட்டோச் சத்தத்தையும் வெட்டுவதற்காகச் செய்தது. எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஒரே சுரத்தில் இழுக்கும் அந்தப் பாட்டும் ஒட்டுப்போட்ட ஸ்பீக்கரின் வண்டும் அதற்கு இரைச்சல். அறைக்குள் யாரோ தண்ணீர் கேட்டார்கள். அந்தக் குரல் மட்டும் தெளிவாக வந்தது.

வேலிக்கரையில் அப்படியே நின்றேன். அண்ணை அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டது இதைத்தான். வெறும் படத்தைப் பார்த்துக்கொண்டு, பாட்டைத் தன் வாயாலேயே முணுமுணுத்துக்கொண்டு, எனக்காக ஒரு வண்டையும் பறக்க விட்டிருக்கிறார். ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஒலியைத் தனியாகப் பதிந்து அனுப்பியிருப்பேன், சின்ன வேலை. வியாழக்கிழமைக்கு முன் நாட்கள் இருந்தன. 'அதேதான்' என்று அவர் சொன்ன பிறகு நான் ஏன் அனுப்பப் போகிறேன்?

"பிள்ளை! எங்கை நிக்கிறாய்? படைக்கப் போறம்" என்று அம்மா கூப்பிட்டார்.

உள்ளே போனேன். வாழையிலை நிறையப் படைத்து, அண்ணையின் படத்துக்கு முன் வைத்திருந்தார்கள். படம் பிரான்ஸுக்குப் போக முன் எடுத்தது. செத்தவருக்கு என்ன விருப்பமோ அதையெல்லாம் அன்றைக்கு வைக்கவேண்டும். அம்மா கொம்பியூட்டர் இருந்த மேசையைப் பார்த்தார்.

"அதையும் போட்டு விடு. அவன் ஆசைப்பட்டதுதானே."

சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் வயரை நீட்டி ஸ்பீக்கரைத் தூக்கிக் கொண்டுவந்து இலைக்குப் பக்கத்தில், பொரியலுக்கும் தண்ணீர்ச் செம்புக்கும் நடுவில் வைத்தேன். பாட்டு தொடங்கியது.

அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டார். கும்பிட்ட கையை எடுக்காமல், மெதுவாகக் கேட்டார்.

"மெய்யே, அண்டைக்கு அவனுக்கு முழுக்கக் கேட்டதுதானே?"

"ஓம் அம்மா. முழுக்கக் கேட்டது."

கதவுப் பக்கம் நின்ற ஒருவர், சாப்பாட்டுக்கு முன் தேவாரம் படிக்கவேண்டும், சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள் என்றார். நான் குறைக்கவில்லை.